பிஎம்பி எழுதலாமா? கொங்குப் பக்கம் புராஜெக்ட் வேலை பார்க்கும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"ஏனுங்கக்கா, பிஎம்பி முடிச்சா சம்பளம் ஏறுமுங்களா?"

புராஜெக்ட் மேனேஜர்களுக்கான பிஎம்பி (புராஜெக்ட் மேனேஜ்மென்ட் புரொஃபெஷனல்) சான்றிதழைப் பற்றிக் கேட்டது கோபிசெட்டிபாளையத்துப் பெண். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் நான்கு வருடமாக மெர்ச்சண்டைசர். "ஏறும் கண்ணு. ஆனா அதுக்கு முன்னாடி, இந்த நாலு வருசத்துல நீ என்ன பண்ணுனன்னு ஒரு தாள்ல எழுதிட்டு வா" என்றேன். மறுநாள் வந்த தாளில் ஒரே ஒரு வரி: ஆர்டர் ஃபாலோ அப்.

உட்கார வைத்துப் பேசப் பேசத்தான் விஷயம் வெளியே வந்தது. போன சீசனில் ஒரே பையருக்கு ஆறு ஸ்டைல். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஐந்து ஜாப் ஒர்க் யூனிட். லேப் டிப் அப்ரூவலில் (சாய நிற மாதிரிக்கு பையர் தரும் ஒப்புதல்) தொடங்கி ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் வரை தேதி தேதியாகப் போட்ட காலண்டர். நடுவில் ஷேட் மாறி ஒரு லாட் துணி டையிங்குக்கே திரும்பிப் போயும் ஷிப்மெண்ட் தேதி தவறவில்லை. இத்தனையும் அவளுக்கு வெறும் "ஃபாலோ அப்". இதே வேலையைக் கால அட்டவணை, இடர் மேலாண்மை, ஒப்பந்த யூனிட்களின் ஒருங்கிணைப்பு என்று பெயர் சொல்லி எழுதத் தெரிந்தவருக்கு வெளியே கிடைக்கும் மரியாதையும் சம்பளமும் வேறு.

நம் பக்கத்தில் பலருக்கும் இதுதான் நிலை. கோயம்புத்தூர் ஃபவுண்டரியில் புது காஸ்டிங் டெவலப்மெண்ட் பார்ப்பவர், கரூரில் ஏற்றுமதி ஆர்டர் பார்ப்பவர், பெருந்துறை சிப்காட்டில் புது லைன் நிறுவியவர், பல்லடம் உடுமலைப் பக்கம் காற்றாலை நட்டவர், சரவணம்பட்டியில் மென்பொருள் டீமை ஓட்டுபவர், எல்லாரும் வேலை செய்திருக்கிறார்கள். அதை எழுதி வைத்தவர்கள் குறைவு, பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. சான்றிதழின் உண்மையான பலன் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

பிஎம்ஐ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட் 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு. அது 1984 முதல் கொடுத்துவரும் சான்றிதழ்தான் பிஎம்பி. புராஜெக்ட் மேனேஜர்களுக்கான சான்றிதழ் என்றால் பலரும் முதலில் சொல்வது இதைத்தான்.

முதல் பலன், வடிகட்டலில் உங்கள் பெயர் விழாமல் நிற்பது. பெங்களூரிலோ துபாயிலோ உட்கார்ந்து விண்ணப்பங்களைப் பார்ப்பவருக்குத் திருப்பூர் காலண்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிஎம்பி என்ற மூன்று எழுத்து அவருக்குத் தெரியும். கட்டுமானத்திலும் மின், குழாய் வேலைகளிலும் வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களிடம் இதைக் கேட்பது சாதாரணம். சில பெரிய டெண்டர்களில், பொறுப்பாளராக நியமிக்கப்படுபவரிடம் இந்தச் சான்றிதழ் இருக்க வேண்டும் என்று நிபந்தனையே போடுகிறார்கள். அப்போது உங்களை வைத்துக்கொள்வது கம்பெனிக்கே லாபம்.

இரண்டாவது பலனைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். துறை மாறலாம். நான் முதலில் பம்ப்செட் செய்யும் ஓர் இடத்தில் புது மாடல் டெவலப்மெண்டில் இருந்தேன். பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி அச்சு), காஸ்டிங், மெஷினிங், டெஸ்ட் பெட் என்பதுதான் என் உலகம். அங்கிருந்து மென்பொருள் பக்கம் வர நினைத்தபோது, "உங்களுக்கு இந்தத் துறை அனுபவம் இல்லையே" என்று இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பினார்கள். பிஎம்பி முடித்த பிறகும் கேள்வி மாறவில்லை, பதில்தான் மாறியது. புது பம்ப் மாடல் ஒன்றின் வேலையை எல்லை, காலம், செலவு, இடர் என்று பிரித்து அவர்களுக்குப் புரியும் சொற்களில் விளக்கினேன். வேலை கிடைத்தது. ஒரே தொழிலை நம்பியிருக்கும் ஊர்க்காரர்களுக்கு இது பெரிய தைரியம். 2011இல் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, அந்தத் தொழிலை மட்டுமே தெரிந்தவர்கள் பட்ட பாட்டை நாம் பார்த்திருக்கிறோம்.

சம்பளத்துக்கு வருவோம். பிஎம்ஐ நடத்தும் சம்பளக் கணக்கெடுப்புகளில் சான்றிதழ் உள்ளவர்களின் சம்பளம் கூடுதலாகத்தான் வருகிறது. ஆனால் அந்தக் கணக்கெடுப்பை நடத்துவதும் சான்றிதழைக் கொடுப்பதும் ஒரே அமைப்பு. தவிர, பிஎம்பி வைத்திருப்பவர் குறைந்தது மூன்று வருடப் பொறுப்பு பார்த்தவர். அந்த அனுபவத்துக்கே சம்பளம் கூடும். அதனால் "முடித்தால் இத்தனை சதவீதம் ஏறும்" என்று விளம்பரம் சொன்னால் அதை அப்படியே கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். என் அனுபவத்தில், இருக்கிற கம்பெனியில் ஏறுவதைவிட வேலை மாறும்போது ஏறுவதே அதிகம்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். சொந்தத் தொழில் நடத்துபவருக்கும், அப்பாவின் மில்லைப் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கும் சான்றிதழ் தேவையில்லை. பாடத்தைப் படியுங்கள், பரீட்சைப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

முதல் படி: நீங்கள் பார்ப்பது புராஜெக்ட்தானா?

புராஜெக்டுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. முடிவில், அதற்கு முன் இல்லாத ஒன்று உருவாகியிருக்கும். தினமும் திரும்பத் திரும்ப நடப்பது புராஜெக்ட் ஆகாது, நடைமுறை வேலை.

அத்திக்கடவு அவிநாசித் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பவானி ஆற்றின் உபரி நீரை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு போகும் வேலை. 2019இல் அடிக்கல் நாட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். குழாய் பதித்தது, நிலையம் கட்டியது, சோதனை ஓட்டம் பார்த்தது எல்லாம் புராஜெக்ட். திறந்த பிறகு ஒவ்வொரு வருடமும் உபரி நீர் வரும்போது மோட்டாரை ஓட்டுவது நடைமுறை வேலை. இரண்டுமே கஷ்டமான வேலைதான், ஆனால் விண்ணப்பத்தில் ஏறுவது முதலாவது மட்டும்.

அதே கணக்கை உங்கள் வேலைக்கும் போடுங்கள். ஸ்பின்னிங் மில்லில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்த வருடங்கள் சேராது. அதே மில்லில் பழைய மெஷினை எடுத்துவிட்டுப் புது மெஷின் போட்ட ஆறு மாதம், அதை நீங்கள் முன்நின்று நடத்தியிருந்தால், சேரும். வழக்கமான காஸ்டிங் உற்பத்தி சேராது. ஒரு வாடிக்கையாளருக்குப் புது பாகம் உருவாக்கி, சாம்பிள் ஒப்புதல் வாங்கியது சேரும். பதவியின் பெயர் "மேனேஜர்" என்று இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முன்நின்று நடத்தினீர்களா என்பதுதான் கேள்வி. "அசிஸ்டென்ட்" என்ற பெயரில் முழு வேலையும் பார்த்தவர்கள் நம் ஊர்க் கம்பெனிகளில் நிறையப் பேர். அவர்கள் தயங்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: எந்தச் சான்றிதழ்?

கல்லூரியில் இருக்கிறீர்கள், அல்லது முடித்து ஓரிரு வருடம்தான் ஆகிறது என்றால் பிஎம்பி இப்போது வேண்டாம், கொடுக்கவும் மாட்டார்கள். அதே பிஎம்ஐ தரும் தொடக்க நிலைச் சான்றிதழான சிஏபிஎம் இருக்கிறது. வேலை அனுபவம் கேட்பதில்லை, 23 மணி நேர வகுப்பு மட்டும் முடித்திருக்க வேண்டும். கேம்பஸ் நேர்காணலில் சொல்ல ஒரு விஷயம் கிடைக்கும். பின்னால் பிஎம்பிக்குப் போகும்போது அதற்கான வகுப்பு நேரத்துக்குப் பதிலாகவும் இதையே காட்டலாம்.

மென்பொருள் டீமில் இருப்பவர்கள் முதலில் ஸ்க்ரம் (வேலையைச் சின்னச் சுற்றுகளாகப் பிரித்து டீம் நடத்தும் முறை) பக்கம் பார்க்கலாம். ஸ்க்ரம் டாட் ஆர்க் அமைப்பின் பிஎஸ்எம் (புரொஃபெஷனல் ஸ்க்ரம் மாஸ்டர்) முதல் நிலைப் பரீட்சைக்கு வகுப்பு கட்டாயமில்லை. 60 நிமிடத்தில் 80 கேள்வி, 85 சதவீதம் எடுக்க வேண்டும், ஒருமுறை வாங்கினால் காலாவதி ஆகாது. ஸ்க்ரம் அலயன்ஸ் தரும் சிஎஸ்எம் சான்றிதழுக்கு வகுப்பு கட்டாயம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

பிரிட்டன், ஐரோப்பா வாடிக்கையாளர்களோடு வேலை செய்பவர்கள் பிரின்ஸ்2 என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். பிரிட்டன் அரசு வளர்த்தெடுத்த முறை அது. உங்கள் வாடிக்கையாளர் அதைக் கேட்டால் எழுதுங்கள், கேட்காவிட்டால் விடுங்கள்.

இனி நான் சொல்வதெல்லாம் பிஎம்பியைப் பற்றி. பட்டதாரி என்றால் 36 மாதம் புராஜெக்டை முன்நின்று நடத்திய அனுபவம் வேண்டும். பட்டம் இல்லாமல் பள்ளிப் படிப்போ டிப்ளமோவோ என்றால் 60 மாதம். இரண்டு பேருக்கும் 35 மணி நேர வகுப்பு. பாலிடெக்னிக் முடித்தவர்கள் "நமக்கு இதெல்லாம் கிடையாது" என்று ஒதுங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி இல்லை, கதவு திறந்தே இருக்கிறது, இரண்டு வருடம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். மூன்று வருடப் பட்டம் வாங்கியவர்கள் தாங்கள் எந்த வரிசையில் வருவோம் என்று பிஎம்ஐக்கு எழுதிக் கேட்டுப் பதிலை வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. மிகப் பழைய அனுபவம் செல்லாது, அதற்குக் கெடு உண்டு. விதிகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள், எனவே விண்ணப்பிக்கும் வாரத்தில் அவர்களுடைய கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: இன்றைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள்

பரீட்சையைவிட இந்தப் படியில்தான் நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். காரணம், நம் கம்பெனிகள் முதலாளி நேரடியாக நடத்துபவை. காலையில் ஆபீஸ் வாசலில் நின்று, "தம்பி, இதை நீ பாத்துக்க" என்பார். அதுதான் நியமன உத்தரவு. திட்டம், பட்ஜெட், மாற்றம் எல்லாம் வாய்ப்பேச்சு, மிஞ்சினால் வாட்ஸ்அப். அந்த நம்பிக்கையில்தான் இந்தத் தொழில்கள் வளர்ந்தன, அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மூன்று வருடம் கழித்து விண்ணப்பம் எழுத உட்காரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

ஒவ்வொரு புராஜெக்டுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், தொடங்கிய மாதம், முடிந்த மாதம், உங்கள் பொறுப்பு, டீமில் எத்தனை பேர், தோராயமான பட்ஜெட், யாருக்குக் கீழ் வேலை செய்தீர்கள், என்ன நோக்கம், என்ன முடிவு. இவைதான் விண்ணப்பத்தில் கேட்பவை. அதோடு, சிக்கல் வந்த நாளில் என்ன முடிவெடுத்தீர்கள் என்று நான்கு வரி எழுதி வையுங்கள். அந்த நான்கு வரி நேர்முகத் தேர்வில் கைகொடுக்கும்.

மாதக் கணக்கில் ஒரு கண்ணி உண்டு. ஒரே நேரத்தில் மூன்று ஆர்டர் பார்த்தீர்கள் என்று அந்த மாதம் மூன்றாக ஆகாது, ஒன்றுதான். ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு வேலை, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இன்னொன்று என்றால் மொத்தம் 9 மாதம், 12 அல்ல. ஒரு தாளில் கோடு போட்டு, வருடத்தின் மாதங்களை நிறம் தீட்டிப் பாருங்கள், இடைவெளி தானாகத் தெரியும்.

உங்களோடு வேலை செய்த மேலாளரின் தொடர்பை விட்டுவிடாதீர்கள். வேலை மாறும்போது மனக்கசப்போடு வெளியேறினால், நாளைக்கு பிஎம்ஐ உங்கள் விண்ணப்பத்தை ஆடிட்டுக்கு எடுத்தால் கையெழுத்துக்கு அவரிடமே போய் நிற்க வேண்டும்.

நான்காம் படி: விண்ணப்பம்

பிஎம்ஐ தளத்தில் கணக்குத் தொடங்கும்போதே பெயரில் கவனம் வையுங்கள். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இன்ஷியல் ஒரு பெரிய தலைவலி. சர்டிபிகேட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். பரீட்சை அன்று காட்டப்போகும் அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே விண்ணப்பத்திலும் இருக்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய பணமும் போகும். பாஸ்போர்ட் இருந்தால் அதையே ஆதாரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அனுபவ விவரிப்பில் "நாங்கள் செய்தோம்" என்று எழுதாதீர்கள். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். நமக்கு அது தற்பெருமை மாதிரிக் கூச்சமாக இருக்கும். படிப்பவருக்கு உங்கள் பங்கு தெரிய வேண்டும், அதற்காகத்தான். கம்பெனிக்குள் பேசும் சொற்களையும் தவிர்க்கவும்; "பிபி சாம்பிள் முடித்தேன்" என்றால் வெளியாளுக்குப் புரியாது, "உற்பத்திக்கு முந்தைய மாதிரிக்கு வாடிக்கையாளரின் ஒப்புதல் பெற்றேன்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் விரித்து எழுதுங்கள்.

சில விண்ணப்பங்களை ஆடிட்டுக்கு எடுப்பார்கள். யாரை எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. எடுத்தால் படிப்புச் சான்று, வகுப்புச் சான்று, எழுதிய ஒவ்வொரு புராஜெக்டுக்கும் மேலாளரின் உறுதிக் கையெழுத்து ஆகியவற்றை 90 நாளுக்குள் அனுப்ப வேண்டும். உண்மையை எழுதியவருக்கு இதில் பயமில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டதிலிருந்து ஒரு வருடம் அவகாசம், அதற்குள் மூன்று முறை வரை எழுதலாம்.

பணம் டாலரில் போகும். பிஎம்ஐ உறுப்பினராகச் சேர்ந்தால் பரீட்சைக் கட்டணம் குறையும். உறுப்பினர் கட்டணத்தையும் சேர்த்து இரண்டு வழியிலும் கூட்டிப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். உங்கள் கார்டுக்கு வங்கி பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணமும் அந்தக் கணக்கில் சேரும். கம்பெனி திருப்பித் தரும் என்றால் முன்கூட்டியே மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "பரீட்சை எழுத வேண்டாம், சான்றிதழ் வீட்டுக்கு வரும்" என்று போன் வரும். சான்றிதழ் வைத்திருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் பிஎம்ஐ தளத்தில் இருக்கிறது, எந்தக் கம்பெனியும் சரிபார்க்கலாம். பொய் அகப்பட்டால் அந்த வேலையோடு நிற்காது. கோயம்புத்தூர் சின்ன ஊர், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

ஐந்தாம் படி: படிப்பு

2021இல் வந்த பாடத்திட்டப்படி பரீட்சையில் 180 கேள்விகள், 230 நிமிடம். மனிதர்கள் சார்ந்தவை 42 சதவீதம், செயல்முறை 50, வணிகச் சூழல் 8. பாதிக் கேள்விகள் அஜைல் (முழுத் திட்டமும் முதலிலேயே போடாமல், சின்னச் சுற்றுகளாக வேலை நடத்துவது) அல்லது கலப்பு முறையிலிருந்து வரும். இந்த விகிதங்களைப் புதுப் பாடத்திட்டம் மாற்றும். "எக்ஸாம் கன்டென்ட் அவுட்லைன்" என்ற ஆவணத்தைத் தளத்திலிருந்து இறக்கி, நீங்கள் எழுதும் தேதிக்கு எது பொருந்தும் என்று பார்த்துக்கொண்டுதான் புத்தகமே வாங்க வேண்டும். பிஎம்ஐ வெளியிடும் பிம்பாக் வழிகாட்டியை அட்டையிலிருந்து அட்டைவரை படித்துவிட்டுத் தொடங்கலாம் என்று உட்கார்ந்து, நாற்பதாம் பக்கத்தில் நின்றுபோனவர்கள் அதிகம். வகுப்பை முதலில் முடியுங்கள், வழிகாட்டியைச் சந்தேகம் வரும்போது திறங்கள்.

எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. காலை ஐந்து முதல் ஆறரை வரை, ஞாயிறு ஒரு மாதிரித் தேர்வு. திருப்பூரில் ஷிப்மெண்ட் நேரத்தில் இரவு பத்துக்கு வீடு திரும்புபவர்கள் படிக்க முடியாது. இரண்டு சீசனுக்கு நடுவிலுள்ள இடைவெளியைப் பார்த்துத் தேதி குறியுங்கள். தீபாவளி, பொங்கலை ஒட்டிப் பரீட்சை வைக்காதீர்கள். அந்த நேரத்தில் ஆள் பற்றாக்குறையும் டெலிவரி நெருக்கடியும் சேர்ந்து வரும் என்று உங்களுக்கே தெரியும்.

பரீட்சை தமிழில் இல்லை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இதுதான் பெரிய பயம். எனக்கும் இருந்தது. ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் என் மொழியில் அர்த்தம் எழுதினேன். மிட்டிகேட் என்றால் வருவதற்கு முன்பே குறைக்க வேலை செய்வது. கன்டின்ஜென்சி என்றால் வந்துவிட்டால் செலவழிக்க ஒதுக்கி வைத்திருப்பது. எஸ்கலேட் என்றால் நம் அதிகாரத்துக்கு மேலே போனதை மேலே கொண்டு போவது. நூறு சொல் இப்படிப் பிடிபட்டால் கேள்வி மிரட்டாது. நீளமான கேள்வியில் கடைசி வாக்கியத்தை முதலில் படியுங்கள், என்ன கேட்கிறார்கள் என்பது அங்கேதான் இருக்கும்.

இனி முக்கியமான விஷயம். நம் பக்கத்து நல்ல வேலைக்காரர்கள் இந்தப் பரீட்சையில் தவறுவது அறிவுக் குறைவால் அல்ல. நம் பழக்கம் வேறு, பரீட்சை எதிர்பார்க்கும் பழக்கம் வேறு.

டையிங்கில் லாட் நிற்கிறது என்றால் நாம் என்ன செய்வோம்? வண்டியை எடுத்துக்கொண்டு யூனிட்டுக்குப் போய், வேலை முடியும்வரை அங்கேயே நிற்போம். அதைப் பெருமையாகவும் சொல்வோம். பரீட்சையில் அந்த விடை பெரும்பாலும் தவறு. முதலில் காரணம் என்ன என்று பார், எத்தனை நாள் பாதிக்கும் என்று கணக்கிடு, ஏற்கெனவே எழுதி வைத்த இடர்ப் பட்டியலில் இதற்கு என்ன வழி வைத்திருக்கிறாய் என்று பார், அப்புறம் நடவடிக்கை எடு என்பார்கள். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஒரு யூனிட்டில் நிற்கும்போது மற்ற நான்கு யூனிட்டை யார் பார்ப்பது?

அடுத்தது மாற்றம். பம்ப் வேலையில் இருந்தபோது ஒரு வாடிக்கையாளர் போனில் ஃபிளாஞ்ச் (குழாயை இணைக்கும் விளிம்பு) அளவை மாற்றச் சொன்னார். நல்ல மனிதர், நீண்ட நாள் உறவு. "சரிங்க, பண்ணிரலாமுங்க" என்று சொல்லிவிட்டேன். பேட்டர்ன் ஏற்கெனவே முடிந்து முதல் காஸ்டிங்கும் வந்திருந்தது. எல்லாம் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. செலவை யார் ஏற்பது என்று கேட்டபோது, எழுத்தில் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கமே நின்றுபோனது. பின்னால் பாடத்தில் மாற்றக் கட்டுப்பாடு என்ற பகுதியைப் படித்தபோது அந்த நாள்தான் கண் முன்னால் வந்தது. கேட்ட உடனே சரி என்று சொல்லவும் கூடாது, முடியாது என்று முகத்தை முறிக்கவும் கூடாது. "பாதிப்பைப் பார்த்து நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லி, காலமும் செலவும் கணக்கிட்டு, எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே தொட வேண்டும். பரீட்சையில் இதே சூழ்நிலை பத்து விதமாக வரும். வாழ்க்கையில் அதைவிட அதிகம் வரும்.

மூன்றாவது, டீமுக்குள் சண்டை. நாம் பெரியவரைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைப்போம். பரீட்சையில், சம்பந்தப்பட்ட இருவரையும் உட்கார வைத்துப் பேசுவது மேலாளராகிய உங்கள் வேலை. மேலிடத்துக்குக் கொண்டு போவது கடைசி வழி.

மாதிரித் தேர்வில் தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் "நான் ஏன் அந்த விடையைத் தேர்ந்தேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டு வாரத்தில் உங்கள் பழக்கம் எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். திருட்டுத்தனமாக விற்கப்படும் கேள்வித் தொகுப்புகளை வாங்காதீர்கள். அது பிஎம்ஐயின் நெறிமுறைக்கு எதிரானது, படிப்புக்கும் உதவாது.

ஆறாம் படி: பரீட்சை நாள்

பியர்சன் வியூ நிறுவனம் நடத்துகிறது. மையத்திலும் எழுதலாம், வீட்டிலிருந்தும் எழுதலாம். என் யோசனை, மையம். வீட்டில் என்றால் மின் வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் அன்றைக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இணையம் நிற்கக் கூடாது, அறைக்குள் யாரும் வரக் கூடாது. கூட்டுக் குடும்பத்தில் நான்கு மணி நேரம் கதவு திறக்காமல் இருப்பது எத்தனை வீட்டில் நடக்கும்?

அந்த 2021 பாடத்திட்டப்படி ஒவ்வொரு 60 கேள்விக்குப் பிறகும் பத்து நிமிட இடைவேளை என்று இரண்டு முறை கிடைக்கும். இடைவேளைக்குப் போய்விட்டால் முந்தைய 60 கேள்விக்குத் திரும்ப முடியாது. ஒரு கேள்விக்கு சராசரியாக 76 வினாடி. முதல் இடைவேளைக்கு வரும்போது கடிகாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிச்சம் இருக்கும்படி ஓட்டுங்கள். தேர்ச்சிக்கு இத்தனை மதிப்பெண் என்று அவர்கள் வெளியிடுவதில்லை. ஒவ்வொரு பகுதியிலும் இலக்குக்கு மேலே, இலக்கில், கீழே என்ற மாதிரி நிலைதான் வரும். ஒருமுறை தவறினால் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எதைப் படிக்க வேண்டும் என்று அதுதான் சொல்லும்.

வாங்கிய பிறகு

ரெஸ்யூமேயில் பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்தைச் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. அதற்குக் கீழே உள்ள அனுபவப் பகுதியை முழுதாகத் திருத்தி எழுதுவதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். மூன்றாம் படியில் போட்ட நோட்டு இப்போது பயன்படும்.

இருக்கிற கம்பெனியிலேயே தொடர நினைத்தால், முதலாளியிடம் சான்றிதழை நீட்டிச் சம்பளம் கேட்காதீர்கள். "அது எதுக்குப்பா?" என்றுதான் கேட்பார். ஒரு வேலையை எடுத்து வித்தியாசத்தைக் காட்டுங்கள். அடுத்த ஆர்டருக்கு ஒரு பக்க இடர்ப் பட்டியலும், மாற்றங்களுக்கு ஒரு பதிவேடும் வைத்து, சீசன் முடிவில் எத்தனை மாற்றம் வந்தது, எதற்குப் பணம் வசூலானது என்று உட்கார்ந்து காட்டுங்கள். லாபம் நஷ்டம் நம் முதலாளிகளுக்கு நன்றாகப் புரியும் மொழி. பேச்சை அங்கே தொடங்கினால் சம்பளமும் தானே வரும். வராவிட்டால் வெளியே பார்ப்பதற்கான காகிதங்கள் உங்கள் கையில் தயாராக இருக்கும்.

மூன்று வருடத்துக்குள் 60 பிடியு சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். ஒரு மணி நேரக் கற்றல் ஒரு பிடியு. மாதத்துக்கு இரண்டு என்று பிரித்துக்கொண்டால் சுமை இல்லை. கடைசி மாதத்துக்கு வைத்துக்கொண்டால் அது ஷிப்மெண்ட் மாதமாகத்தான் இருக்கும். மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கும், புராஜெக்ட் வேலையிலேயே தொடர்வதற்கும் ஒரு வரம்புக்குள் பிடியு தருகிறார்கள்.

அந்தக் கோபி பெண் இப்போது மூன்றாம் படியில் இருக்கிறாள். நான்கு வருடத்தில் 31 மாதம் தேறியிருக்கிறது. இன்னும் ஐந்து வேண்டும். அடுத்த சீசன் ஆர்டருக்கு முதல் பக்கம் எழுதிவிட்டதாக நேற்று படம் எடுத்து அனுப்பியிருந்தாள்.